கறுத்த டேப் போதுமா? அறுவைக் கருவிகளைப் பொதிவதும் கொண்டுபோவதும்

வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புடைய 10 பேருக்கு மூளையைத் தாக்கும் பாக்டீரியா தொற்று வந்து, அதில் 8 பேர் இறந்துபோனார்கள். நடந்தது 2022-23-ல் என்றாலும், ஆய்வுக் கட்டுரை 2025-ல் வெளியானபோதுதான் செய்தி பரவலாகப் பேசப்பட்டது. ஆய்வாளர்கள் கிருமியைப் பிடித்த இடம், திறந்து வைத்திருந்த ஒரு சலைன் பாட்டில். எலும்பின் மேல் சவ்வை விலக்குகிற ஒரு கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, லேசாக மூடி வைத்து, அடுத்து வந்தவர்களுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இப்படி ஒரு செய்தி வந்தால் எல்லோரும் கேட்பது, "ஏன், அங்கே ஆட்டோகிளேவ் இல்லையா?" என்றுதான். நியாயமான கேள்வி, ஆனால் பாதிக் கேள்வி. ஒரு கருவி மருத்துவமனைக்குள் போகும் நீண்ட சுற்றில், அழுத்தம் ஏற்றிய நீராவியால் கிருமியைக் கொல்லும் அந்த ஆட்டோகிளேவ் மெஷின் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும் ஒரு கட்டம், அவ்வளவுதான். அதற்கு முன்னால் ரத்தக் கறையோடு ஒரு பயணம் இருக்கிறது. பின்னால் துணி சுற்றிய நிலையில் இன்னொரு பயணமும், அலமாரியில் ஒரு காத்திருப்பும் இருக்கின்றன. மெஷின் ஒழுங்காக ஓடிய நாளில்கூட கருவி கெட்டுப்போக இந்த இடங்கள் போதும். இவற்றைப் பற்றித்தான் வெளியில் யாரும் பேசுவதில்லை.

## முதலில் மூன்று சொற்கள்

மருத்துவமனையில் "கிளீன் பண்ணியாச்சு" என்று சொன்னால் அதற்கு மூன்று வெவ்வேறு பொருள் இருக்கலாம்.

1. சுத்தம் செய்தல்: ரத்தம், சதைத் துணுக்கு, கொழுப்பு எல்லாவற்றையும் தண்ணீர், என்சைம் கரைசல், பிரஷ் கொண்டு அகற்றுவது. கிருமிகள் குறையும், சாகாது.

2. டிஸ்இன்ஃபெக்‌ஷன்: ரசாயனமோ சூடோ கொடுத்து பெரும்பாலான கிருமிகளைக் கொல்வது. ஆனால் ஸ்போர் எனப்படும், ஓடு போட்டுக்கொண்டு உறங்கும் பாக்டீரியா வடிவங்கள் தப்பித்துவிடும்.

3. ஸ்டெரிலைசேஷன்: ஸ்போர் உட்பட எல்லாவற்றையும் அழிப்பது. இதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோல் கறாரானது: பத்து லட்சம் பொருள்களை இப்படிச் செய்தால், உயிருள்ள கிருமி மிஞ்சியிருக்கும் வாய்ப்பு ஒன்றில் மட்டும்.

எந்தக் கருவிக்கு எது வேண்டும் என்பதை வகைப்படுத்தியவர் ஏர்ல் ஸ்பால்டிங் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர். தோலைக் கிழித்து உள்ளே போகும் கருவி என்றால் ஸ்டெரிலைசேஷன் கட்டாயம். வாய், தொண்டை, குடல் போன்ற ஈரப் படலத்தைத் தொடுவதற்கு உயர்நிலை டிஸ்இன்ஃபெக்‌ஷனாவது வேண்டும். பி.பி. பார்க்கும் பட்டை மாதிரி தோலை மட்டும் தொடுவதற்குச் சுத்தமாகத் துடைத்தாலே பெரும்பாலும் போதும். அரை நூற்றாண்டு தாண்டியும் இன்றைக்கும் பெரும்பாலான வழிகாட்டுதல்கள் இந்தப் பிரிவின் மேல்தான் நிற்கின்றன.

இந்த வேலையெல்லாம் நடக்கும் இடத்தைப் பெரிய மருத்துவமனைகளில் சி.எஸ்.எஸ்.டி., அதாவது கருவிகளை ஸ்டெரைல் செய்து தரும் மையப் பிரிவு, என்பார்கள். பெரும்பாலும் தரைத்தளத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும், நோயாளி யாரும் பார்த்திருக்க மாட்டார். அழுக்குப் பகுதி, பொதியும் பகுதி, ஸ்டெரைல் ஸ்டோர் என மூன்று பகுதிகள். கருவி ஒரு திசையில் மட்டும் நகர வேண்டும், திரும்பி வரக் கூடாது. காற்றழுத்தம்கூட அப்படித்தான்: சுத்தமான பக்கத்தில் கூடுதலாகவும் அழுக்குப் பக்கத்தில் குறைவாகவும் வைப்பார்கள், கதவு திறந்தால் காற்று சுத்தத்திலிருந்து அழுக்கை நோக்கிப் போகட்டும் என்று.

## அழுக்குப் பயணம்: முதல் ஒரு மணி நேரம்

ஆபரேஷன் முடிந்த உடனே கருவியில் இருக்கும் ரத்தத்தைத் துடைப்பது எளிது. காயவிட்டால்தான் தொல்லை. ரத்தப் புரதம் உலர்ந்து உலோகத்தில் ஒட்டிக்கொள்கிறது, ரத்தக் குழாயைப் பிடிக்கும் இடுக்கியான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் மூட்டுக்குள்ளும் பல்வரிசைக்குள்ளும் போய் உட்காருகிறது. அதற்கு மேல் கிருமிகள் தங்களைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படலம் கட்டிக்கொண்டால், என்சைம் கரைசலும் உள்ளே போகாது, நீராவியும் சரியாகத் தொடாது. மேலே அழுக்கு இருந்தால் கீழே இருக்கும் கிருமிக்கு அது குடை. அழுக்கோடு ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தால் கிடைப்பது வெந்த அழுக்கு.

அதனால் தியேட்டரிலேயே, ஆபரேஷன் நடக்கும்போதே, உதவி செய்யும் சிஸ்டர் ஸ்டெரைல் தண்ணீரில் நனைத்த துணியால் கருவிகளைத் துடைத்துக்கொண்டே வர வேண்டும். உறிஞ்சு குழாய் போன்ற உள்துளை உள்ளவற்றில் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். முடிந்ததும் ஈரத்துணி போர்த்தியோ, ஈரப்பதம் காக்கும் ஸ்ப்ரே அடித்தோ அனுப்ப வேண்டும். இங்கே இரண்டு பழைய பழக்கங்கள் குறுக்கே வரும்.

ஒன்று, சலைனில் போட்டு வைப்பது. சலைன் என்றால் உப்புத் தண்ணீர். அதில் உள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரித்துக் குழி விழ வைக்கும். அந்தக் குழிகள்தான் அடுத்த முறை கிருமி ஒளிந்துகொள்ளும் இடம்.

இன்னொன்று, பிளீச்சிங் கரைசலில் ஊற வைப்பது. நம் ஊர் மருத்துவமனைகளில் பிரசவ அறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் குளோரின் கரைசல் வைத்து, பயன்படுத்திய செட்டை அதில் அமிழ்த்துவது பல ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுக்கப்பட்ட முறை. கழுவுகிற ஊழியரைப் பாதுகாக்க என்று ஆரம்பித்தது, நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் ரத்தம் பட்டதும் குளோரின் வீரியம் இழக்கிறது, கருவி துருப்பிடிக்கிறது, தூக்கிக்கொண்டு போகும்போது கரைசல் தெறிக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக "ஏற்கனவே மருந்தில் போட்டாச்சே" என்ற நினைப்பில் கழுவும் கை தளர்ந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட கையேடு, கழுவுவதற்கு முன் கருவிகளை டிஸ்இன்ஃபெக்டென்டில் ஊறப் போட வேண்டாம் என்றே சொல்கிறது. ஊழியரைக் காப்பாற்ற வேண்டியது கெட்டியான கையுறை, முகக் கவசம், தண்ணீர் புகாத ஏப்ரன். வாளியை இன்னும் எடுக்காத இடங்கள் நிறைய.

சரி, இனி கொண்டுபோவது. இதற்கான விதிகள் சிக்கலானவை இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

1. மூடி உள்ள, ஒழுகாத, கூர்முனை குத்தித் துளைக்க முடியாத பெட்டி. பச்சைத் துணியில் முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு போவது பெட்டி ஆகாது. டவல் கிளிப்பின் முனை துணியைத் தாண்டி முழங்காலில் குத்தும்.

2. கத்தி பிளேடு, தையல் ஊசி போன்ற ஒருமுறைப் பொருள்கள் தியேட்டரிலேயே கழற்றப்பட்டு, உயிரி மருத்துவக் கழிவு விதிகள் சொல்லும் வெள்ளை நிறப் பெட்டிக்குப் போயிருக்க வேண்டும். கீழே பெட்டியைத் திறப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

3. கனமான கருவி கீழே, மெல்லிய நுனியுள்ளது மேலே. கண் அறுவைக் கருவிகள் தனித் தட்டில். மூட்டுகள் திறந்த நிலையில்.

4. பெட்டியின் மேல் தொற்று அபாயக் குறி. வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது பெட்டியின் வெளிப்புறம் சுத்தமாக இருக்க வேண்டும், தள்ளுபவர் ரத்தக் கையுறையோடு லிஃப்ட் பட்டனை அழுத்தக் கூடாது. சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அந்தப் பட்டனை அடுத்து அழுத்துவது சாப்பாட்டு ட்ராலி கொண்டுவருபவர்.

5. அழுக்குக்கு ஒரு லிஃப்ட், சுத்தத்துக்கு ஒரு லிஃப்ட். கட்டடம் பழையது, ஒரே லிஃப்ட்தான் என்றால் நேரம் பிரித்துக்கொள்ள வேண்டும், அழுக்கு போன பிறகு துடைக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். கருவிகள் தொலைவதும் இந்தப் பயணத்தில்தான். அழுக்குத் துணி மூட்டைக்குள்ளும் குப்பைப் பைக்குள்ளும் ஃபோர்செப்ஸ் போய்விடும். தியேட்டரை விட்டுக் கிளம்பும் முன் எண்ணிக் கையெழுத்துப் போடாத இடத்தில், "மேலேயிருந்து வரவே இல்லை", "கீழேதான் தொலைச்சீங்க" என்ற சண்டைக்கு முடிவே கிடையாது.

தூரம் கூடினால் இந்தச் சிக்கல் எப்படிப் பெருகும் என்பதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் உதாரணம். அங்கே ஒரே வளாகத்தில் 5 மருத்துவமனைகள். அத்தனைக்கும் கருவி கழுவித் தந்தது ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த ஒரே பிரிவு. அழுக்குக் கருவிகள், குறைந்த எண்ணிக்கையில் வந்த செட்டுகள் பற்றி மருத்துவர்களும் ஊழியர்களும் 11 ஆண்டுகளாகப் புகார் சொல்லி வந்ததை டெட்ராய்ட் நியூஸ் நாளிதழ் 2016-ல் வெளிக்கொண்டுவந்தது. அது பணமும் மெஷினும் இல்லாத ஊர் இல்லை.

## பொதி: ஒன்றுக்கொன்று முரணான வேலைகள்

கழுவி, உலர்த்தி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகு கருவி பொதியும் பகுதிக்கு வருகிறது. கருவியைச் சுற்றும் அந்த உறையிடம் நாம் கேட்பது கொஞ்சம் அநியாயமானது. காற்றை வெளியே விட வேண்டும், நீராவியை உள்ளே விட வேண்டும், ஈரத்தை மறுபடி வெளியே விட வேண்டும், அதே சமயம் அன்றிலிருந்து பயன்படுத்தும் நாள் வரை ஒரு கிருமியையும் உள்ளே விடக் கூடாது. கடைசியில், உள்ளே இருப்பதைத் தொடாமல் பிரிக்கவும் வர வேண்டும்.

இதற்கு இன்று புழக்கத்தில் இருக்கும் வழிகள்:

துணி. நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் அதிகம் பார்ப்பது பச்சை அல்லது நீலப் பருத்தித் துணிதான். நெருக்கமாக நெய்த துணியாக இருக்க வேண்டும், இரட்டை மடிப்பாக இரண்டு சுற்று சுற்ற வேண்டும். மலிவு, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம். அதேதான் பலவீனமும்: ஒவ்வொரு சலவைக்கும் இழை தேய்கிறது, ஊசி நுனி அளவு ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை மேல் விரித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. கிழிந்த இடத்தைத் தைத்துச் சரி செய்வது நம் பழக்கம். ஊசி போன ஒவ்வொரு இடமும் ஒரு புது ஓட்டை என்பதால் பொதியும் துணியில் தையலே கூடாது, சூட்டில் ஒட்டும் துண்டைத்தான் ஒட்ட வேண்டும். போன முறை ஆட்டோகிளேவில் போய்வந்த துணியைத் துவைக்காமல் அப்படியே மறுபடி சுற்றுவதும் தவறு. காய்ந்துபோன துணி நீராவியின் ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும்.

நெய்யாத துணி. பாலிபுரோப்பிலீன் இழைகளை மூன்று அடுக்காக அழுத்திச் செய்தது. மேலும் கீழும் வலுவுக்கு, நடு அடுக்கு வடிகட்ட. ஒருமுறைதான். செலவு கூட, ஆனால் தண்ணீரையும் கிருமியையும் தடுப்பதில் பருத்தியைவிட எவ்வளவோ மேல்.

பவுச். ஒரு பக்கம் காகிதம், ஒரு பக்கம் பிளாஸ்டிக். ஒன்றிரண்டு கருவிக்கு. உள்ளே கொஞ்சம் இடம் விட்டு ஒட்ட வேண்டும், திணித்தால் சீல் பிய்த்துக்கொள்ளும். பேனாவால் காகிதப் பக்கத்தில் எழுதக் கூடாது; பேனா நுனி காகிதத்தைக் கீறும், மை உள்ளே ஊறும். எழுத வேண்டியதை பிளாஸ்டிக் பக்கத்தில் எழுதலாம். ஆட்டோகிளேவில் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும்.

கெட்டிப் பெட்டி. மூடியில் ஃபில்டர் வைத்த அலுமினியப் பெட்டி. அடுக்கலாம், கிழியாது. ஃபில்டரை மாற்ற மறந்தாலோ ரப்பர் வளையம் தேய்ந்தாலோ விலை உயர்ந்த டப்பா, அவ்வளவுதான்.

டிரம். பக்கவாட்டில் ஓட்டைகளும் அதை மூட ஒரு சறுக்குத் தகடும் உள்ள உருண்டைப் பாத்திரம். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறுவை மருத்துவர் ஷிம்மல்புஷ்ஷின் பெயரால் அழைக்கப்படுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் டிரெஸ்ஸிங் அறைகளிலும் சிறிய நர்சிங் ஹோம்களிலும் இன்னும் இதுதான். ஓட்டைகளில் ஃபில்டர் கிடையாது. ஆட்டோகிளேவ் ஓடும்போது திறந்திருக்க வேண்டும், எடுத்ததும் மூட வேண்டும். முதலாவதை மறந்தால் நீராவி உள்ளே போகவே இல்லை, இரண்டாவதை மறந்தால் காற்று நேராக உள்ளே போகிறது. ஒழுங்காக மூடினாலும் தகடு இறுக்கமாகப் பொருந்துவதில்லை. சூடு ஆறும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்த இடுக்கு வழியாக அறைக் காற்று வடிகட்டப்படாமல் இழுக்கப்படும். அப்புறம் காலையில் திறந்த டிரம்மிலிருந்தே நாள் முழுக்க ஒவ்வொரு நோயாளிக்கும் காயத்தில் வைக்கும் காஸ் துணித் துண்டை 'சீட்டில்' (Cheatle) எனப்படும் நீண்ட இடுக்கியால் எடுத்துப் போடுவார்கள். முதல் நோயாளிக்கு வேண்டுமானால் அது ஸ்டெரைல். மத்தியானம் வருபவருக்கு டிரம்மில் இருப்பது சுத்தமான காஸ் என்று மட்டும்தான் சொல்ல முடியும். தனித்தனிச் சின்னப் பொதிகளாகப் போட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை.

நீராவி தாங்காத எண்டோஸ்கோப், பிளாஸ்டிக் பொருள்களுக்கு வேறு வழிகள் உண்டு. எத்திலீன் ஆக்சைடு வாயுவில் வைத்தால் வாயு வெளியேற மணிக்கணக்கில் காற்றோட்டம் வேண்டும், அது புற்றுநோய் உண்டாக்கும் வாயு. ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா வேகமானது, ஆனால் பருத்தியும் காகிதமும் அந்த ஆவியை உறிஞ்சிவிடும் என்பதால் அதற்கென்றே வரும் செயற்கை இழைப் பவுச் தேவை. மெஷினை மாற்றினால் பொதியையும் மாற்ற வேண்டும் என்பது பல இடங்களில் வாங்கிய பிறகுதான் தெரியவரும்.

## ஈரப் பொதி: கால் லிட்டர் தண்ணீரின் கதை

வெளியே அதிகம் பேசப்படாத ஒரு கோளாறு இது. கொஞ்சம் கணக்குப் போட்டால் உடனே புரியும்.

நீராவி ஏன் இவ்வளவு நன்றாகக் கொல்கிறது? அது குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் தண்ணீராகிறது, ஆகும்போது ஒரு கிராமுக்கு 500 கலோரிக்கும் மேல் வெப்பத்தைக் கொட்டிவிட்டுப் போகிறது. ஆட்டோகிளேவுக்குள் நடக்கும் வேலையே இதுதான்: 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி, 30 பவுண்டு அளவில் 134 டிகிரி. ஆனால் வெப்பத்தைக் கொடுத்த நீராவி தண்ணீராக அங்கேயே தங்குகிறது. 10 கிலோ எடையுள்ள ஒரு எலும்பு அறுவை செட்டை 25 டிகிரியிலிருந்து 134 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய கால் லிட்டர் நீராவித் தண்ணீர் அதன் மேல் படிய வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரைப் பொதிக்குள் ஊற்றியது போலத்தான்.

கடைசிக் கட்டத்தில் மெஷின் வெற்றிடம் உண்டாக்கும்போது, உலோகத்தில் இருக்கும் அதே சூட்டில் அந்தத் தண்ணீர் மறுபடி ஆவியாகி வெளியேறுகிறது. நேரம் போதாவிட்டாலோ, தண்ணீர் கருவியை விட்டு ஒரு மூலையில் வழிந்து தேங்கிவிட்டாலோ, உள்ளே ஈரம் மிஞ்சும். கருவியின் எடைக்கு வரம்பு வைத்திருப்பதே இதனால்தான்: அமெரிக்கத் தரத்தில் சுமார் 11 கிலோ, ஐரோப்பாவில் 10 கிலோ. தூக்குபவரின் முதுகு அடுத்த காரணம்.

ஈரம் இருந்தால் என்ன, உள்ளே இருப்பது கொதித்த தண்ணீர்தானே? இருக்கலாம். ஆனால் நனைந்த துணி தடுப்பாக வேலை செய்யாது. வெளியே உள்ள கிருமி அந்த ஈரத்தின் வழியாகவே, திரி எண்ணெயை இழுப்பதற்கு எதிர்த்திசையில், உள்ளே வந்துவிடும். அதனால் ஈரப் பொதி என்றால் ஸ்டெரைல் இல்லை என்பதே விதி. வெயிலில் காயவைத்தோ, ஃபேன் அடியில் வைத்தோ "சரி" பண்ண முடியாது. பிரித்து, புதிதாகச் சுற்றி, முழுச் சுழற்சியையும் மறுபடி ஓட்ட வேண்டும்.

எங்கே பிசகுகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் அவசரம்தான். அடுத்த கேஸ் காத்திருக்கிறது, உலர்த்தும் நேரத்தைப் பாதியில் நிறுத்திக் கதவைத் திறக்கிறார்கள். அல்லது சூடான பொதியை எடுத்துக் குளிர்ந்த ஸ்டீல் மேசையில் வைக்கிறார்கள், அடியில் வியர்த்துவிடுகிறது. அல்லது ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்தில் வைக்கிறார்கள். அல்லது சூடு ஆறாமலேயே கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். சூடான, லேசாக ஈரமான துணியில் கை பட்ட இடம் ஒரு நுழைவாயில். கனத்த செட் முழுவதும் ஆற ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகும், அதுவரை அதே வண்டியிலேயே விட்டுவைக்க வேண்டும்.

## டேப் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

பொதியின் மேல் ஒட்டியிருக்கும் டேப்பில் கோடுகள் கறுத்திருந்தால் "ஆட்டோகிளேவ் ஆயிடுச்சு" என்று நம்புவது வழக்கம். அந்தக் கோடு சொல்வது இந்தப் பொதி ஆட்டோகிளேவுக்குள் போய்வந்தது என்பதை மட்டும். போகாததையும் போய்வந்ததையும் கலந்துவிடாமல் இருக்க அது உதவும், பயனுள்ள வேலைதான். பொதியின் நடுவில் நீராவி எட்டியதா, போதுமான நேரம் நின்றதா என்பது டேப்புக்குத் தெரியாது.

அதற்கு வேறு சோதனைகள் இருக்கின்றன. நாளின் முதல் சுழற்சிக்கு முன் போவி-டிக் சோதனை: துணி அல்லது காகித அடுக்கின் நடுவில் ஒரு தாள் வைத்து ஓட்டுவது. வெற்றிட மெஷின் காற்றை முழுதாக வெளியேற்றியிருந்தால் தாள் முழுக்க ஒரே நிறமாக மாறும், நடுவில் வெளிறிய திட்டு இருந்தால் அங்கே காற்று தங்கியிருக்கிறது. 1960-களில் போவி, டிக் என்ற இருவர் கொண்டுவந்த எளிய சோதனை, இன்னும் தினமும் ஓடுகிறது. அடுத்து, ஒவ்வொரு பொதிக்குள்ளும் கருவிகளோடு வைக்கும் வேதிப் பட்டை. தியேட்டரில் பிரிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மூன்றாவது, உயிருள்ள ஸ்போரையே உள்ளே அனுப்பி அது செத்ததா என்று வளர்த்துப் பார்ப்பது. நீராவியை மிக நன்றாகத் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போரை இதற்கு வைக்கிறார்கள். அதுவே செத்துவிட்டதென்றால் மற்றவை மிஞ்ச வழியில்லை.

## சுத்தப் பயணமும் அலமாரியும்

ஸ்டெரைல் ஆன பொதிக்குக் காலாவதித் தேதி உண்டா? 7 நாள், 15 நாள் என்று எழுதி ஒட்டும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உண்மையில் பொதி நாள் கணக்கில் தானாகக் கெடுவதில்லை, அதற்கு ஏதாவது நேர்ந்தால்தான் கெடுகிறது: நனைந்தால், கிழிந்தால், கீழே விழுந்தால், நசுங்கினால், பலர் கை மாறினால். அதனால் இன்று பல வழிகாட்டுதல்கள் நிகழ்வை வைத்துத்தான் கணக்கிடச் சொல்கின்றன. ஆனால் என் கருத்து, பருத்தித் துணியும் திறந்த ரேக்கும் புழுக்கமும் உள்ள இடத்தில் தேதி வைத்துக்கொள்வதே நல்லது. நிகழ்வு முறை வேலை செய்ய, என்ன நிகழ்ந்தது என்று பார்க்க ஆள் வேண்டும்.

ஸ்டோரில் பொதிகள் தரையிலிருந்து 20-25 செ.மீ. உயரத்தில், வெளிச்சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி, கூரையில் தீயணைப்பு நீர்க்குழாய் இருந்தால் அதிலிருந்து 45 செ.மீ. கீழே இருக்க வேண்டும். தரைத் துடைப்பத்தின் தெறிப்பு, சுவரின் ஓதம், மேலிருந்து வரும் நீர் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த அளவுகள் இவை. ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊர்களில் இடிக்கும். அங்கே வெளிக்காற்றே பல நாள் அதைத் தாண்டும். ராத்திரி ஸ்டோரின் ஏ.சி.யை நிறுத்தினால் உள்ளே வரும் ஈரக் காற்றால் குளிர்ந்த பொதி மேல் ஈரம் படியும். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேறு இடம் பார்க்கலாம்.

தியேட்டருக்கும் வார்டுக்கும் கொண்டுபோகும்போது மூடிய ட்ராலி, அல்லது நான்கு பக்கமும் போர்த்திய ட்ராலி. அடித்தட்டு கம்பிவலையாக இல்லாமல் முழுத் தகடாக இருக்க வேண்டும். சக்கரம் கிளப்பும் தூசு மேலே வரும். ரப்பர் பேண்ட் போட்டு நாலு பொதியைக் கட்டக் கூடாது, இறுக்கத்தில் மடிப்பு விரிசல் விடும். குண்டூசி, ஸ்டேப்ளர் பற்றிச் சொல்லவே வேண்டாம். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவது, மார்போடு அணைத்துப் போவது, ஏறும் வழியில் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுப் பேசுவது எல்லாமே அந்த "நிகழ்வு" பட்டியலில் வருபவை. அழுக்குப் பெட்டி இறக்கிய அதே ட்ராலியில் துடைக்காமல் சுத்தப் பொதியை ஏற்றுவது, சொல்லப்போனால், மேலே எழுதிய அத்தனையையும் ஒரே நடையில் ரத்து செய்வது.

பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை:

1. பொதி உலர்ந்திருக்கிறதா, நீர்க்கறை இருக்கிறதா. காய்ந்த நீர்க்கறையும் ஈரமாக இருந்ததற்கு அடையாளம்தான்.
2. ஓட்டை, கிழிசல், பிரிந்த சீல் இருக்கிறதா.
3. வெளி டேப் நிறம் மாறியிருக்கிறதா, உள் பட்டை முழுதாக மாறியிருக்கிறதா.
4. லேபிளில் செட்டின் பெயர், தேதி, எந்த மெஷின், எத்தனையாவது சுழற்சி, பொதிந்தவர் யார் என்பதெல்லாம் இருக்கிறதா.

ஒன்று பிசகினாலும் திருப்பி அனுப்ப வேண்டும். பிரித்துவிட்டு, ஆபரேஷன் தள்ளிப்போய், ஒரு கருவியையும் தொடவில்லை என்றாலும் அந்த செட் முழுவதும் திரும்பத்தான் வேண்டும். மூடி வைத்து நாளைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. வாணியம்பாடியில் சலைன் பாட்டிலுக்கு மறுக்கப்பட்டது இந்த விதிதான்.

## ஏன் தெரிந்தும் நடக்கிறது

மேலே உள்ளதில் பெரும்பகுதி எந்த தியேட்டர் சிஸ்டருக்கும் தெரியும். இருந்தும் நடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் செட்டுகளின் எண்ணிக்கை. ஒரு செட் கழுவி, உலர்த்தி, பொதிந்து, ஆட்டோகிளேவில் ஓடி, ஆறி, திரும்பி வர அரை நாள் வரை ஆகும். ஒரு ராத்திரியில் 8 பிரசவம் நடக்கும் இடத்தில் 4 செட் இருந்தால், மீதி நாலு பேருக்கு எதையாவது குறுக்கித்தான் ஆக வேண்டும்: உலர்த்தும் நேரத்தை, ஆறும் நேரத்தை, இல்லாவிட்டால் பொதியையே. பொதியாமல் அவசரமாக ஓட்டி அப்படியே தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு போகும் முறை ஒன்று இருக்கிறது. கீழே விழுந்த ஒற்றைக் கருவிக்காக ஏற்பட்டது. செட் பற்றாக்குறைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று எல்லாத் தரநிலைகளும் சொல்கின்றன. புது ஆட்டோகிளேவ் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டுவார்கள். இருபது கூடுதல் பிரசவ செட் வாங்கியதற்கு யாரும் வெட்டி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று தண்ணீர். போர்வெல் கடின நீரில் கழுவினால் கருவியில் வெள்ளைப் படிவு வரும், ஆட்டோகிளேவுக்கு அதே நீர் போனால் பொதியிலும் மெஷினிலும் படியும். கடைசி அலசலுக்கும் நீராவிக்கும் ஆர்.ஓ. நீர் வேண்டும். இதைக் கேட்டுப் பெறுவது சி.எஸ்.எஸ்.டி. பொறுப்பாளருக்கு எளிதல்ல, அவருடைய மேசை அடித்தளத்தில் இருக்கிறது.

லேபிளில் சுழற்சி எண் ஏன் வேண்டும் என்பது ஒரு நாள் ஸ்போர் சோதனை தோற்கும்போது தெரியும். அந்த மெஷினில், கடைசியாகச் சோதனை தேறிய சுழற்சிக்குப் பிறகு ஓடிய ஒவ்வொரு பொதியையும் திரும்ப வரவழைக்க வேண்டும். எது எந்த வார்டில் இருக்கிறது, எது ஏற்கனவே யார் உடம்பில் பயன்படுத்தப்பட்டது என்று சொல்ல ஒரே வழி அந்த எண்ணும், அதே எண்ணை நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருப்பதும்தான். இடுப்பு மூட்டு, எலும்புத் தகடு போன்று உடம்பிலேயே விட்டுவிடும் பொருள் உள்ள சுமையை ஸ்போர் சோதனை முடிவு வரும்வரை வெளியே விடக் கூடாது. புதிய வகைச் சோதனைக் குப்பிகளில் முடிவு சில மணி நேரத்திலேயே கிடைக்கிறது, பழைய முறையில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும்.